மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி: எப்போது, எத்தனை, எப்படி

2021-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், எம்ஆர்என்ஏ வகைக் (ஃபைசர், மாடர்னா போன்ற) கொரோனா தடுப்பூசியை இரண்டு தவணையும் போட்டுக்கொண்ட 658 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லோரும் சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ நுரையீரலோ மாற்றிக்கொண்டவர்கள். மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டாகிற எதிர்ப்பொருள் (கிருமியை முடக்க உடல் சுரக்கும் புரதம்), இவர்களில் 54 சதவீதத்தினருக்குத்தான் உண்டாகியிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அதே குழு 436 பேரை முதல் தவணைக்குப் பிறகு சோதித்தபோது கிடைத்த எண் இன்னும் குறைவு: 17 சதவீதம். 658 பேரில், எதிர்ப்புசக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களையும் சாப்பிடாதவர்களையும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறைகிறது. சாப்பிடுபவர்களில் 43 சதவீதம், சாப்பிடாதவர்களில் 82.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் ஒருவர் "ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை" என்பார். இன்னொருவர் "ஊசி போட்டால் புதுக் கிட்னி போயிடும்" என்பார். இரண்டையும் நம்ப வேண்டாம். ஊசியால் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்கும் ஆபத்து கூடியதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. கொரோனா வந்தால்தான் உறுப்புக்கும் உயிருக்கும் ஆபத்து. 2020-இல் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்த மாற்று உறுப்பு பெற்றவர்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில், 28 நாளுக்குள் ஐந்தில் ஒருவர் இறந்திருந்தார். ஒமிக்ரான் வந்த பிறகு நிலைமை அவ்வளவு கடுமையாக இல்லை என்றாலும், மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து இன்றும் அதிகம். ஆகவே ஊசி கட்டாயம் தேவை. அதைச் சரியான நேரத்தில், போதுமான எண்ணிக்கையில் போட வேண்டும். போட்ட பிறகும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

ஊசி ஏன் குறைவாக வேலை செய்கிறது

தடுப்பூசி உடம்புக்குள் வைரஸின் ஒரு துண்டைக் காட்டுகிறது. எதிர்ப்புசக்தி தரும் வெள்ளணுக்களில் டி செல்கள் அதை அடையாளம் கண்டு பி செல்களைத் தூண்ட, பி செல்கள் சில நாளில் பல மடங்காகப் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. மாற்று உறுப்பு பெற்றவர்கள் சாப்பிடும் மாத்திரைகளில் டேக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் டி செல் தூண்டப்படுவதையே அடக்குகின்றன. மைக்கோஃபினோலேட், அசதியோப்ரின் இரண்டும் செல்கள் பெருகுவதைத் தடுக்கின்றன. புது உறுப்பைக் காப்பதும் ஊசியின் பலனைக் குறைப்பதும் இதே வேலைதான். ரிட்டுக்சிமாப் ஊசி போட்டவருக்குப் பி செல்களே பல மாதம் ரத்தத்தில் இருக்காது. பெலாட்டாசெப்ட் எடுப்பவர்களுக்குப் பலன் மிக மிகக் குறைவு. இவற்றில் எதை நீங்கள் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே ஊசிக்கான நாளைக் குறிக்க வேண்டும்.

முதல் படி: எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

*டயாலிசிஸில் இருந்துகொண்டு உறுப்புக்காகக் காத்திருப்பவர்.* ஊசிக்கு இதைவிட நல்ல காலம் அமையாது. டயாலிசிஸ் நோயாளிக்கும் எதிர்ப்புசக்தி குறைவுதான் என்றாலும், மாற்று உறுப்புக்கான மாத்திரைகள் தொடங்கிய பிறகு இருப்பதைவிடப் பல மடங்கு மேல். தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் பட்டியல் முறைப்படி பகிரப்படுகின்றன. அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு அழைப்பு எந்த இரவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் 'பார்த்துப் போடலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். கடைசித் தவணைக்கும் அறுவைக்கும் குறைந்தது 2 வாரம் இருப்பது நல்லது. ஊசி போட்ட மூன்றாம் நாளே அழைப்பு வந்துவிட்டால்? தயங்காமல் போங்கள். கிடைக்கிற உறுப்பை ஊசிக்காக விடக் கூடாது. போனதும் ஊசி போட்ட தேதியைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் அது ஊசியால் வந்ததா, தொற்றா என்று அவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

*வீட்டில் ஒருவர் தானம் கொடுக்க, நாள் குறித்து அறுவை செய்துகொள்ளப் போகிறவர்.* நாள் முன்கூட்டியே தெரிவதால் இவருக்குத் திட்டமிடுவது எளிது. பாக்கியுள்ள தவணைகளை அறுவைக்கு 2 முதல் 4 வாரம் முன்பே முடித்துவிடலாம். கொடுப்பவரும் போட்டுக்கொள்ள வேண்டும். அறுவை வாரத்தில் அவருக்குக் கொரோனா வந்தால் எல்லாமே தள்ளிப்போகும். ரத்தப் பிரிவு பொருந்தாத தானம் என்றால் மட்டும் கணக்கு மாறும். அங்கே அறுவைக்குச் சில வாரம் முன்பே ரிட்டுக்சிமாப் போடுவார்கள். தவணைகள் அந்த ஊசிக்கு முன் முடிய வேண்டும், குறைந்தது 2 வாரம், முடிந்தால் 4 வாரம் முன். பலரும் அறுவைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். இங்கே ரிட்டுக்சிமாப் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

*அறுவை முடிந்து சில வாரமே ஆனவர்.* பொதுவாக 1 முதல் 3 மாதத்துக்குள் போடத் தொடங்கலாம். துல்லியமான நாள், நிராகரிப்பைத் தடுக்க அறுவையின்போது போட்ட தொடக்க ஊசியைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். பாசிலிக்சிமாப் என்று இருந்தால் 1 மாதத்துக்குப் பிறகு போடலாம். ஏடிஜி அல்லது தைமோகுளோபுலின் என்று இருந்தால் 3 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். அது டி செல்களைத் துடைத்தெடுக்கிற மருந்து. ரிட்டுக்சிமாப் என்றால் 6 மாதம். ஊரில் கொரோனா பரவிக்கொண்டிருந்தால் மருத்துவர் இந்த இடைவெளியைக் குறைக்கலாம். குறைந்த பலனாவது கிடைக்கட்டும் என்பது அவர் கணக்கு. நடுவில் நிராகரிப்புக்காக மறுபடி ஏடிஜியோ ரிட்டுக்சிமாப்போ போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

*அறுவை முடிந்து ஆண்டுகள் ஆனவர்.* கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) நிலையாக இருந்து, அன்றைக்குக் காய்ச்சல் இல்லையென்றால் காத்திருக்கக் காரணமே இல்லை. சமீபத்தில் கொரோனா வந்து குணமானவர்கள் சுமார் 3 மாதம் கழித்துப் போடலாம். 2021 மே முதல் இந்திய அரசின் அறிவுரையும் அதுவே.

அறுவைக்கு முன் போட்ட தவணைகள் வீணாகுமா என்று பலர் கேட்பதுண்டு. சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்பு மாற்றில் அவை கணக்கில் சேரும். எலும்பு மஜ்ஜை மாற்றில்தான் முதலிலிருந்து மறுபடி போட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சிலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள்.

இரண்டாம் படி: எந்த ஊசி

மாற்று உறுப்பு பெற்றவருக்கு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி ஆகாது. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், பிசிஜி, சொட்டு மருந்தாகத் தரும் போலியோ எல்லாம் அந்த வகை. கொரோனாவுக்குப் பரவலாகப் பயன்பட்ட எதுவும் அந்த வகை இல்லை. கோவிஷீல்டில் சிம்பன்சி அடினோவைரஸ் இருந்தது, ஆனால் உடம்பில் பெருக முடியாதபடி மாற்றப்பட்டது. கோவாக்சினில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். கோர்பிவாக்ஸும் கோவோவாக்ஸும் புரதத் துண்டை மட்டும் கொண்டவை. புனேயில் தயாரான ஜெம்கோவாக்-ஓஎம் எம்ஆர்என்ஏ வகை. 2023 ஜூனில் அவசரப் பயன்பாட்டு அனுமதி பெற்றது.

மூக்கு வழியே தரும் மருந்துகளில் கவனம் வேண்டும். பாரத் பயோடெக்கின் இன்கோவாக், பெருகாத அடினோவைரஸ் கொண்டது. இந்தியாவில் மூக்கில் விட்ட ஃப்ளூ தடுப்பு மருந்தோ உயிருள்ள கிருமி கொண்டது. 'மூக்கு மருந்து' என்று பொதுவாகக் கேட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. மாற்று உறுப்பு பெற்றவர்கள் ஊசி வழித் தடுப்பூசியையே கேட்டு வாங்குவது நல்லது. இவர்களிடம் அதிகமாகச் சோதிக்கப்பட்டவை அவைதான்.

தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால், இப்போது சுற்றும் வைரஸுக்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்ட ஊசியை எடுங்கள். வாய்ப்பில்லையென்றால், எந்த ஊசி கிடைக்கும் என்று தேடிக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள். இந்தியாவில் இன்று எல்லா மருத்துவமனையிலும் கொரோனா தடுப்பூசி இருப்பில் இருப்பதில்லை. நேரில் அலையாமல், முதலில் உங்கள் மாற்று அறுவைப் பிரிவின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பெயர், காலாவதி தேதி இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எத்தனை தவணை

பிரான்சின் துலூஸ் நகரில் 101 மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு ஃபைசர் ஊசி மூன்று தவணை போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவதற்கு முன் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 40 சதவீதம்; மூன்றாவது போட்டு நான்கு வாரம் கழித்து 68 சதவீதம். டொரொண்டோவில் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாடர்னாவின் மூன்றாம் தவணையும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். ஆய்வில் இலக்காக வைத்த எதிர்ப்பொருள் அளவை எட்டியவர்கள் முறையே 55 சதவீதம், 18 சதவீதம். இவற்றின் அடிப்படையில் அமெரிக்கா 2021 ஆகஸ்டில் மூன்றாம் தவணையை அனுமதித்தது. அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவும் அதையே பரிந்துரைத்தது.

எனவே இதுவரை ஒன்றும் போடாத மாற்று உறுப்பு பெற்றவருக்கு, எம்ஆர்என்ஏ ஊசியில் அடிப்படைத் தொகுப்பே மூன்று. முதலுக்கும் இரண்டாவதற்கும் 3 அல்லது 4 வாரம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் குறைந்தது 4 வாரம். அதன் பிறகு வருவதைத்தான் ஊக்கத் தவணை என்று எண்ண வேண்டும். அமெரிக்க ஆலோசனைக் குழு 2024-25-க்கு இவர்களைப் போன்றவர்களுக்கு 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை பரிந்துரைத்தது. பிரிட்டனில் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை போடுகிறார்கள். லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் உறவினர் 'எனக்கு எட்டு ஊசி ஆச்சு' என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்தியாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய சான்றிதழில் ஓட்டை அங்கேதான் விழுந்தது. 2021 மார்ச் 1 முதல் 45 வயதைக் கடந்த மாற்று உறுப்பு பெற்றவர்களும் காத்திருப்பவர்களும் முன்னுரிமைப் பட்டியலில் இருந்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் மே மாதம் கோவிஷீல்டின் இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டினார்கள். பொதுமக்களுக்கு அது பொருந்தலாம். ஒரு தவணையில் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காத மாற்று உறுப்பு பெற்றவர், டெல்டா அலையின் நடுவே மூன்று மாதம் கிட்டத்தட்ட வெறுங்கையோடு நின்றார். முன்னெச்சரிக்கைத் தவணை என்ற பெயரில் மூன்றாவது தவணை 2022 ஜனவரி 10-இல் வந்தபோது அது சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், இணைநோய் உள்ள 60 வயதைக் கடந்தவர் ஆகியோருக்குத்தான். இடைவெளியோ 9 மாதம். 40 வயதுக் கிட்னி மாற்று நோயாளிக்கு ஏப்ரல் 10 வரை வழியில்லை, பிறகும் தொடக்கத்தில் தனியார் மையத்தில் காசு கொடுத்துத்தான். அதனால் உங்கள் கோவின் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். இரண்டு தவணையோடு நின்றிருந்தால் உங்கள் அடிப்படைத் தொகுப்பே முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மாத்திரையில் கை வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். 'மைக்கோஃபினோலேட்தானே ஊசியைக் கெடுக்கிறது, ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்போம்' என்று தானாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெர்லினில் மருத்துவர்கள் ஒரு சிறு குழுவில் அதைச் சில வாரம் நிறுத்தி, தொடர்ந்து ரத்தம் பார்த்து, எதிர்ப்பொருள் கூடியதைக் கண்டார்கள். நெதர்லாந்தில் ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை நிறுத்திப் பார்த்தபோது பலன் கூடவில்லை. அதாவது கொஞ்ச நாள் நிறுத்தினால் பயனில்லை. பயன் தெரியும் அளவுக்கு நிறுத்தினால் உறுப்பை நிராகரிக்கும் ஆபத்து. யாருக்கு அந்த ஆபத்து குறைவு என்பதை நன்கொடையாளர்-குறித்த எதிர்ப்பொருள் (புது உறுப்பையே தாக்கும் எதிர்ப்பொருள்), பயாப்சி, பழைய நிராகரிப்பு வரலாறு எல்லாம் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். ஸ்டீராய்டை நிறுத்துவது இன்னும் மோசம். ஆண்டுக்கணக்கில் எடுத்தவருக்கு உடம்பின் சொந்தச் சுரப்பு தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியும்.

ஊசி போடும் நாள்

காலை மாத்திரை வழக்கம்போல. அன்றைக்கே டேக்ரோ லெவலும் (ரத்தத்தில் டேக்ரோலிமஸின் அளவு) பார்க்க வேண்டுமென்றால், முந்தைய இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம் மாத்திரை, அப்புறம் ஊசி. மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள். ஊசி மையத்தின் வரிசையில் நின்று மாத்திரை நேரம் தவறுவது அடிக்கடி நடக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் குடியுங்கள்.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையை நீட்டாதீர்கள். கிட்னி மாற்று முடிந்து பல ஆண்டு ஆனாலும் பலருக்கு அந்தக் கை இன்னும் 'ஜிர்' என்று ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்தில் செவிலியர் எந்தக் கை அருகில் இருக்கிறதோ அதைத்தான் எடுப்பார். முழுக்கைச் சட்டை அதை மறைத்துவிடும். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "இது டயாலிசிஸ் கை, இதில் ஊசியும் பிரஷரும் வேண்டாம், அந்தக் கையில் போடுங்க" என்று சொல்லிவிட்டு, மற்றக் கையின் சட்டையை நீங்களே மடித்துவிடுங்கள். அன்றே ஃப்ளூ ஊசியும் போடுவதானால், அதே கையில் ஒரு அங்குலம் தள்ளிப் போடலாம், அல்லது தொடையில். ஆஸ்பிரினோ வார்ஃபரினோ எடுப்பவர்கள் அதைச் சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் பஞ்சை வைத்து 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் கட்டாது.

முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ உடனடி ஒவ்வாமை வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எம்ஆர்என்ஏ ஊசிகளில் பாலிஎத்திலீன் கிளைக்கால், வேறு சிலவற்றில் பாலிசார்பேட் 80 இருக்கும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். புறப்படும் முன் தேதி, ஊசியின் பெயர், பேட்ச் எண் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில நாள்

கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல், சோர்வு: ஒன்றிரண்டு நாளில் போய்விடும். இதற்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், தேவைப்பட்டால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. கல்லீரல் மாற்று பெற்றவர்கள் ஒரு நாளில் எவ்வளவு வரை எடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள்.

வலி மாத்திரையில்தான் பலர் தவறுகிறார்கள். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக், அசெக்ளோஃபினாக், நிமுசுலைடு, மெஃபினாமிக் அமிலம் எதையும் தொடாதீர்கள். டேக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரகத்துக்குள் போகும் நுண்ணிய ரத்தக்குழாயைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. இந்த வலி மாத்திரைகள் அதே குழாயை இன்னும் நெருக்கும். இரண்டு நாள் எடுத்தாலே கிரியேட்டினின் ஏறலாம். கடையில் 'காய்ச்சல் மாத்திரை' என்று கேட்டால் காம்பிஃப்ளாம் மாதிரி பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபென் சேர்ந்ததைக் கொடுத்துவிடுவார்கள். அட்டையின் பின்புறம் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். பாராசிட்டமால் மட்டும் இருக்க வேண்டும்.

பேதியோ வாந்தியோ வந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள். பேதியின்போது டேக்ரோ அளவு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஏறும். மருந்தை உடைத்தும் வெளியே தள்ளியும் கட்டுக்குள் வைக்கும் குடல் சுவர் பாதிக்கப்படுவதால், வழக்கத்தைவிட அதிக மருந்து ரத்தத்தில் போய்ச் சேர்கிறது. நீர்ச்சத்தும் குறைந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

ஊசியால் வந்தது என்று எண்ணி விட்டுவிடக் கூடாதவை: 48 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூக்கில் தண்ணீர், சிறுநீர் போகும்போது எரிச்சல், சிறுநீர் குறைவது, ஒரே நாளில் எடை ஏறுவது, அடிவயிற்றில் மாற்றுச் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வலி. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும்; அதனால் 100 டிகிரி கூட உங்களுக்குக் குறைவு என்று எண்ணாதீர்கள். ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டலாம். அது சில வாரத்தில் கரைந்துவிடும். ஆறு வாரம் கடந்தும் கரையவில்லையென்றால் காட்டுங்கள்; மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு நெறிகட்டிப் புற்றுநோய் போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதை அப்படியே விடக் கூடாது.

கபசுர குடிநீர் பற்றியும் கேள்வி வரும். அதில் சீந்தில், நிலவேம்பு, திப்பிலி, ஆடாதோடை எனப் பதினைந்து சரக்கு சேர்கிறது. சீந்தில் எதிர்ப்புசக்தியைத் தூண்டும் என்பதற்காகவே சேர்ப்பது. நீங்களோ அதை அடக்கி வைத்து வாழ்கிறீர்கள். சீந்தில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் 2021-இல் மும்பை மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டன. திப்பிலியின் பைப்பரின், டேக்ரோலிமஸை உடைக்கும் நொதியை மந்தப்படுத்தக்கூடியது. வீட்டில் மற்றவர்கள் குடிக்கட்டும்; உங்கள் டம்ளரை மட்டும் ஒதுக்கிவையுங்கள். சமையலில் சேரும் மிளகு, சீரகத்துக்கு இந்தப் பயம் வேண்டாம்.

எதிர்ப்பொருள் சோதனை வேண்டுமா

ஊசி வேலை செய்ததா என்று பார்க்க ஆசை வருவது இயல்பு. ஆனால் அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒவ்வொரு ஆய்வகத்தின் கிட்டும் வேறு அலகில் எண் தரும்; இந்த எண்ணுக்கு மேல் பாதுகாப்பு என்று ஒப்புக்கொண்ட கோடு கிடையாது; டி செல்களின் பங்கை இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. எண் பெரிதாக வந்தால் முகக்கவசத்தைக் கழற்றத் தோன்றும், பூஜ்யம் வந்தால் மனம் உடையும். அடுத்த தவணையின் தேதி இரண்டு நிலையிலும் மாறாது.

வீட்டில் உள்ளவர்கள்

உங்களுக்கு ஊசி பாதிதான் வேலை செய்கிறதென்றால், மீதிப் பாதுகாப்பு கூட இருப்பவர்களின் தோளில்தான். மனைவி, கணவர், பிள்ளைகள், சமையலுக்கு வருபவர் எல்லோரும் முழுத் தவணையும் போட்டிருக்கட்டும். அவர்கள் போடும் கொரோனா தடுப்பூசியால் உங்களுக்கு ஒன்றும் பரவாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் வேறொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்தும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் உயிருள்ளவை. குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி போட முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். சொட்டு விட்டிருந்தால் நான்கு வாரம் பேரனுக்குக் கழுவிவிடும் வேலையைத் தாத்தா செய்ய வேண்டாம். தூக்கிக் கொஞ்சுவதில் தடையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

ஊசியையும் மீறி வந்துவிட்டால்

தொண்டை கரகரத்த அன்றே சோதனை. கொரோனா மாத்திரைகளை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். ரெம்டெசிவிர் என்றால் 7 நாளுக்குள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்ல அவகாசமில்லை.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. கொரோனா மாத்திரைகளில் நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் நல்ல மருந்து, ஆனால் அதிலுள்ள ரிட்டோனாவிர் டேக்ரோலிமஸை உடைக்கும் நொதியை முழுதாக அடைத்துவிடும். வழக்கமான அளவில் டேக்ரோவைத் தொடர்ந்து சாப்பிட்டு, 6, 7 என்று இருந்த லெவல் 30, 40-ஐத் தாண்டிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. கை நடுக்கம், குழப்பம், கிரியேட்டினின் ஏற்றம் எல்லாம் அதன் பின்னால் வரும். மாற்று அறுவை மருத்துவர்கள் பொதுவாக, அந்த மருந்தைத் தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பே டேக்ரோவை நிறுத்தி, 5 நாள் முடிந்தபின் லெவல் பார்த்து, 6-ஆம் நாளுக்கும் 8-ஆம் நாளுக்கும் இடையில் மறுபடி தொடங்குவார்கள். சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ், எவரோலிமஸ் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் நிர்மட்ரெல்விரும் பாதி அளவுதான். லெவலை உடனே பார்க்க வசதியில்லாத ஊரில் இருப்பவருக்கு, மூன்று நாள் ரத்தக்குழாயில் ஏற்றும் ரெம்டெசிவிர் (முதல் நாள் 200, அடுத்த இரண்டு நாள் 100 மில்லிகிராம்) பாதுகாப்பான வழி. அது டேக்ரோவோடு மோதுவதில்லை. மோல்னுபிராவிரும் மோதாது, ஆனால் பலன் அதைவிடக் குறைவு, கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

கொரோனா இருக்கும் நாட்களில் மைக்கோஃபினோலேட்டை மருத்துவர் தற்காலிகமாகக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லலாம். ஸ்டீராய்டு தொடரும். விரல் ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே போனால் வீட்டில் இருக்காதீர்கள்.

பக்கத்து கிளினிக்கிலோ இரவு நேர அவசரப் பிரிவிலோ உங்களைப் பார்ப்பவருக்கு உங்கள் கதை தெரியாது. அதனால் ஒரு சீட்டில் இதை எழுதிவையுங்கள்: எந்த உறுப்பு, எந்தத் தேதி, சாப்பிடும் எதிர்ப்புசக்தி அடக்கும் மாத்திரைகளும் அளவும், கடைசி டேக்ரோ லெவல், கடைசி கிரியேட்டினின், ஊசிகளின் தேதியும் பெயரும், ஃபிஸ்டுலா எந்தக் கை, 'ரிட்டோனாவிர், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கான மாத்திரைகள், வலி மாத்திரைகள் கொடுக்கும் முன் என் மாற்று அறுவை மருத்துவரை அழைக்கவும்' என்ற வரி, அவருடைய எண். சீட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு நகலை, நீங்கள் படுத்துவிட்டால் உங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிறவரின் கைபேசியில் படமாகப் போட்டுவையுங்கள். லெவல் மாறும்போதெல்லாம் அந்தப் படத்தையும் மாற்றுங்கள்.